டெல்டாவில் சைக்கிள் ஓட்ட ஆற்றங்கரைப் பாதை

பஸ், லாரி ஹாரன் இல்லாமல் சைக்கிள் மிதிக்க வேண்டுமா? தார்ச்சாலையை விட்டு ஆற்றங்கரையில் ஏறிவிடுங்கள். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, ஊர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் என எதை எடுத்தாலும், கரைமேல் பல இடங்களில் மண்ணும் கிராவலும் கலந்த பாதை இருக்கிறது. மேடு பள்ளமே இல்லாத பூமி, கியர் இல்லாத சைக்கிளே போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் வேண்டாம். மழையில் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, தோளில் தூக்கித்தான் வர வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை. அறுப்பு மெஷினும் டிராக்டரும் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். பாதையில் நெல் காய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது ஒரு குடும்பத்தின் உழைப்பு.

டயர் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், காற்றைச் சற்றுக் குறைத்து வையுங்கள். கரையோரச் சீமைக்கருவேல முள்தான் பெரிய எதிரி. நிற்கும்போதெல்லாம் டயரைப் பாருங்கள். மேலாகக் குத்தியிருக்கும் முள்ளை உடனே பிடுங்கிவிட்டால் டியூப் தப்பிக்கும். அப்புறம், ஒரு மாற்று டியூபும் கைப்பம்பும் கட்டாயம்; கரையில் பஞ்சர் கடை கிடையாது.