வயிற்றுக்குள் இரத்தக்கசிவா? படுக்கையருகே ஸ்கேன் செய்யும் முறை
விபத்தில் அடிபட்டு, இரத்த அழுத்தம் குறைந்த நிலையில் வருபவரை மல்லாந்து படுக்கவைத்து, அல்ட்ராசவுண்ட் கருவியின் வளைந்த புரோபில் (உடல்மேல் வைக்கும் கைப்பகுதியில்) தாராளமாக ஜெல் தடவி, வலப்பக்க நடு அக்குள் கோட்டில் (அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக இறங்கும் கோட்டில்), 8 முதல் 11 வரையான விலா இடைவெளிகளில், புரோபின் குறிமுனை (அடையாளமிட்ட பக்கம்) தலைப்பக்கம் நோக்கும்படி வையுங்கள். கல்லீரலும் சிறுநீரகமும் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் மெல்லிய கரும்பட்டை தெரிந்தால், இத்தகைய நோயாளியிடம் அது பெரும்பாலும் இரத்தமே. புரோபை மெதுவாக விசிறிபோல் சாய்த்து, கல்லீரலின் கீழ்நுனிவரை பாருங்கள். சிறிதளவு கசிவு பல நேரங்களில் அங்குதான் முதலில் தெரியும் என்பதால், அவசரத்தில் அந்த நுனியை விட்டுவிடக் கூடாது. பிறகு இதய உறை, மண்ணீரலைச் சுற்றிய பகுதி, இடுப்புக்குழி ஆகியவற்றைப் பாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பையின் வழியாகவே இடுப்புக்குழி தெளிவாகத் தெரியும். ஆகவே சிறுநீர் வடிக்கும் டியூப் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது. ஒன்றும் தெரியாவிட்டாலும் கசிவு இல்லையென்று முடிவுகட்டாமல், நாடித்துடிப்பு ஏறினால் உடனே மறுபடியும் பாருங்கள்.