பேசாமல் இருந்த கொன்சோல் துறை: என் அனுபவம்

வெள்ளவத்தையில் நான் பணிபுரியும் அலுவலகத்தின் பழைய சேவையகத்தில் திரைக்கான இணைப்பு இல்லாததால், ஆர்ஜே-45 (வலையமைப்புக் கேபிளுக்குரிய எட்டு முனைச் செருகி) வடிவிலான சீரியல் கொன்சோல் துறையையே, அதாவது இன்னொரு கணினியிலிருந்து எழுத்து வடிவில் சேவையகத்தை இயக்க உதவும் இணைப்பு வாயையே, நம்ப வேண்டியிருந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கிய ஒன்பது முனை அடப்டரால் அதை என் கணினியோடு இணைத்து, வேகத்தை நொடிக்கு 9600 பிட் என அமைத்தும் ஓர் எழுத்துக்கூட வரவில்லை.

இத்தகைய வேளையில் முதலில் எடுக்க வேண்டியது மல்டிமீற்றர் என்பேன். இத்தகைய துறைகள் பயன்படுத்தும் ஆர்எஸ்-232 என்ற தரவுத்தொடர்பு முறையில், தரவு அனுப்பும் முனை சும்மா இருக்கையில் தரைமுனையோடு ஒப்பிட −3 முதல் −15 வோல்ட் வரை காட்டும். மீற்றரின் கறுப்புக் கம்பியைச் சேவையகத் துறையின் தரைமுனையான 4ஆம் முனையில் வைத்து அளந்தபோது 3ஆம் முனை எதிர்மின்னழுத்தம் காட்டியதோடு, சேவையகத்தை மறுதொடக்கம் செய்ததும் அந்த அளவு துள்ளத் தொடங்கியதால், தரவு வெளிவருவது அங்கேதான் என்பது உறுதியாயிற்று. பெறும் முனை 6 என்பதைக் கையேடு காட்டியது.

கணினியின் ஒன்பது முனைத் துறையில் 2 பெறுவது, 3 அனுப்புவது, 5 தரை. எனவே சேவையகத்தின் 3 கணினியின் 2க்கும், 6 அதன் 3க்கும் போக வேண்டும். அடப்டருக்குள் அவை இரண்டும் இடம்மாறியிருந்தன. வயர்களின் நிறம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால், ஒவ்வொன்றும் எந்த முனையோடு இணைகிறது என்பதை மீற்றரால் தொடர்ச்சி பார்த்து, அந்த இரு ஊசிகளையும் கழற்றி மாற்றிச் செருகியதும் லொகின் வரி தெளிவாக வந்தது.