பரம்பரை இரட்டைக் குழல் ரைஃபிள்: பிரியத்தால் செய்யும் தவறுகள்

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் சித்தப்பா வீட்டு இரும்பு அலமாரியில் ஒரு இரட்டைக் குழல் ரைஃபிள் இருக்கிறது. தாத்தா வாங்கியது, லைசென்ஸ் இப்போது சித்தப்பா பெயரில். வருஷத்துக்கு நாலைந்து தடவை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைப்போம். அதைப் பார்க்க வருகிறவர்களும், தங்கள் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி யோசனை கேட்க வருகிறவர்களும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அலட்சியத்தால் செய்வது குறைவு. துப்பாக்கி மேல் இருக்கிற பிரியத்தால் செய்வதுதான் அதிகம்.

முதல் குழப்பம் பெயரில். ரெட்டைக் குழல் என்றாலே ரைஃபிள் என்று நினைத்துவிடுகிறார்கள். தஞ்சை, திருவாரூர், நாகை மிராசு வீடுகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 12 போர் ரவைத் துப்பாக்கிகள்தான். குழலின் வாய் அளவுக்குச் சரியாக ஈய உருண்டை பிடித்தால் 12 உருண்டை ஒரு பவுண்டு எடை வரும், அதனால்தான் அது 12 போர். அதன் குழல் உள்ளே கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். ரைஃபிளின் குழலுக்குள் திருகு வரிகள் ஓடும். மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்துகொண்டு, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. 1885-இல் ஃபாஸ்பெரி என்பவர் காப்புரிமை பெற்று, லண்டன் துப்பாக்கிக் கம்பெனி ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் செய்து விற்ற பாரடாக்ஸ் துப்பாக்கி. அதில் வாய்ப்பக்கம் சில அங்குலத்துக்கு மட்டும் வரி இருக்கும். அவசரத்தில் பார்த்தால் சாதாரண 12 போர் என்று தள்ளிவிடுவோம்.

அடுத்தது புலிக் கதை. "எங்க தாத்தா இதாலதான் ஊர் எல்லையில புலி அடிச்சார்" என்று சொல்லாத வீடு குறைவு. நம் டெல்டா வயலும் வாய்க்காலுமான பூமி. இங்கே நடந்த வேட்டை என்றால் மழைக்காலத்தில் நாற்றங்கால் சேற்றில் இறங்கும் உள்ளான், ஏரி குளங்களில் வாத்து, கோடியக்கரைப் பக்கம் வெளிமான். உள்ளான் கையளவு குருவி. எங்கள் ரைஃபிள் .470 அளவு (அங்குலக் கணக்கு), அதன் குண்டு 500 கிரெய்ன், ஏறக்குறைய 32 கிராம். அதை உள்ளான் மேல் சுட்டால் இறகு கூட மிஞ்சாது. இந்த மாதிரி ரைஃபிள்கள் ஆனைமலை, நீலகிரி, மைசூர்க் காடுகளில் யானையையும் காட்டெருமையையும் நினைத்துச் செய்யப்பட்டவை. சுதந்திரத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடம் தாத்தா வாங்கினார். தாத்தா அதால் சுட்டது வைக்கோல் போரின் முன்னால் நிறுத்திய பலகையை மட்டும்தான். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை, உண்மையான சரித்திரமே போதுமான அளவு சுவையாக இருக்கிறது. 1907 வாக்கில் .450 அளவு ரைஃபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவர ஆங்கில அரசு தடை போட்டது. ராணுவத்தின் மார்ட்டினி ஹென்றி ரைஃபிளுக்கும் அதே அளவு, குண்டுகள் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம். அந்தத் தடையைத் தாண்டத்தான் .465, .470 போன்ற அளவுகள் பிறந்தன. எங்கள் அலமாரியில் இருப்பது அந்தப் பயத்தின் பேரப்பிள்ளை. வேட்டைக்கு அப்போதே கட்டுப்பாடு இருந்ததையும் சொல்லவேண்டும்: நீலகிரியில் 1879-லேயே வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கச் சட்டம் வந்துவிட்டது.

குழலின் மேல் எழுதியிருக்கும் பெயரை அப்படியே நம்புவதும் தவறு. சென்னை மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தா ரோடா, மாண்டன் என்றெல்லாம் இருக்கும். பெரும்பாலும் அது விற்ற கடையின் பெயர். செய்தது பர்மிங்காமிலோ லண்டனிலோ. முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்து, அடிப்பக்கத்துத் தட்டையான இடத்தைப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் கிரீட முத்திரைகள்தான் அதன் ஜாதகம்: எந்தச் சோதனைச்சாலை, பழைய கரிமருந்துக்கா புகை வராத நைட்ரோ மருந்துக்கா, எத்தனை கிரெய்ன் மருந்து, எத்தனை கிரெய்ன் குண்டு. கரிமருந்துக்கென்று செய்த குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது கையையே காவு கேட்கும் காரியம். குழல் மேல் பாம்புத்தோல் மாதிரி வரி தெரிந்தால் அது டமாஸ்கஸ், இரும்பும் எஃகும் கலந்த பட்டையை முறுக்கிச் சுற்றி அடித்துப் பற்றவைத்தது. தஞ்சாவூர் பீரங்கிமேட்டில் இருக்கிற ராஜகோபால பீரங்கியும் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் அடித்து ஒட்டியதுதான். அதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. ரைஃபிளின் இரண்டு குழலும் இணையாக இல்லை, வாய்ப்பக்கம் நெருங்கி வருகிறது, கோணல் என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். அது கோணல் இல்லை, அதுதான் வேலைப்பாடு. வலது குழல் வெடிக்கும்போது, குண்டு வாயை விட்டுப் போவதற்குள் துப்பாக்கி மேலே வலப்பக்கமாக உதைத்து விலகத் தொடங்கிவிடும். இடது குழல் வெடித்தால் இடப்பக்கம். குழல்கள் இணையாக இருந்தால் இரண்டு குண்டும் இரண்டு பக்கம் போகும். அதனால் அந்த உதையைக் கணக்கில் எடுத்து, ஐம்பது முதல் நூறு கஜத்துக்குள் இரண்டும் ஒரே இடத்தில் விழும்படி சாய்த்து இணைப்பார்கள். எழுதிப்போட்ட கணக்கை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. துப்பாக்கி செய்பவர் சுட்டுப் பார்ப்பார், குழல்களை ஒட்டும் பற்றாசைச் சூடாக்கி வாய்ப்பக்கத்து ஆப்பை மயிரிழை நகர்த்துவார், ஆறவிட்டு மறுபடி சுடுவார். எத்தனை தடவை வேண்டுமானாலும். நாதஸ்வரக்காரர் சீவாளியைச் செதுக்கி ஊதிப் பார்த்து மறுபடி செதுக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே பொறுமை. ஆகவே குழலை ஒரு அங்குலம் வெட்டினாலும், குறித்த மருந்தை மாற்றினாலும் அந்தக் கைவேலை அத்தனையும் போயிற்று.

பாலிஷ் விஷயத்தில் நாங்களே அடிபட்டோம். தாத்தாவின் 12 போரை, குழல் வெளுத்துவிட்டது என்று ஒரு பட்டறையில் கொடுத்தோம். பளபளவென்று கருப்பாக வந்தது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து, இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் நடுப்பட்டை ஓரத்தில் துரு கசிந்தது. குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினேன். நல்ல குழல் கோயில் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். இது விரிசல் விட்ட பானை மாதிரி 'டொக்' என்றது. கொதிக்கும் காஸ்டிக் உப்புக் கரைசலில் முக்கிக் கருப்பேற்றியிருக்கிறார்கள். ஒற்றைக் குழலுக்கு அது சரி. பற்றாசு வைத்து ஒட்டிய இரட்டைக் குழலில் அந்தக் கரைசல் பற்றாசையே தின்றுவிடும். இரட்டைக் குழலுக்குப் பழைய முறைதான் ஏற்றது: துருவை வரவழைத்து, கொதிநீரில் போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, பல நாள் திரும்பத் திரும்பச் செய்வது. செய்யத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் வெளுத்தபடியே விடுங்கள்.

உப்புத்தாள், பித்தளை பாலிஷ், சாம்பல், புளி எதுவும் கிட்டே வரக்கூடாது. விசைக்கு மேலே இருக்கும் எஃகுப் பெட்டியில் நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் மேகம் மாதிரி கலந்திருக்கும். எலும்புக் கரியோடு சுட்டுத் தண்ணீரில் தோய்க்கும்போது வந்த நிறம், தோல் மாதிரி மெல்லியது. தேய்த்தால் திரும்ப வராது. எங்கள் ரைஃபிளில் திருகாணித் தலைகளின் வெட்டு எல்லாம் குழலின் போக்கிலேயே ஒரே நேர்கோட்டில் நிற்கிறது, பூக்கொடிச் சித்திரம் அந்தத் தலைகளின் மேலும் தொடர்ந்து ஓடுகிறது. அந்த வெட்டு தாளை விடச் சற்றுத்தான் அகலம். கடைத் திருப்புளியை வைத்து ஒரு தடவை திருகினால் கொடி அறுந்துவிடும்.

சுவரில் ஆணியடித்து மாட்டுவதும், அழகான தோல் பெட்டியிலேயே வருஷக்கணக்கில் வைப்பதும் இங்கே ஆகாது. வேதாரண்யம், நாகைப் பக்கம் உப்புக்காற்று. ஐப்பசி அடைமழையில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். துப்பாக்கி எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும், குழல்வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் வடிந்து வால்நட் கட்டையின் தலையை இற்றுப்போகச் செய்யும். வெறும் குழலோடு விசையைச் சும்மா இழுத்து விளையாடாதீர்கள், மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டு இழுத்து உள்ளே இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்துங்கள்.

சட்டத்தில் சுருக்கமாக: பழசு என்பதால் மட்டும் லைசென்ஸ் தேவையில்லை என்பது தப்பு. 1959 ஆயுதச் சட்டம் விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். வைத்திருந்தவர் காலமானால் உடனே ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு வாரிசு விண்ணப்பம் போடவேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டுக்கு மேல் கூடாது, பரம்பரைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும். பக்கத்தில் மான்கொம்பு, புலித்தோல் இருந்தால் அதற்கு 1972 வனவிலங்குச் சட்டப்படி உரிமைச் சான்று தனி.

தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒருமுறை நாங்கள் வாங்கி வந்த ரசீதில் 'பழைய துப்பாக்கி 1' என்று மட்டும் இருந்தது. திரும்ப வந்தபோது கட்டையில் புதிதாக ஒரு கீறல், கேட்பதற்கு வழியில்லை. இப்போது நாலு பக்கமும் போட்டோ எடுத்து, குழல், முன்கட்டை, எஃகுப் பெட்டி மூன்றிலும் உள்ள எண்ணை எழுதி, தாளை இரண்டு பிரதியாகக் கொண்டுபோகிறோம். எண்ணெய் தடவிய பழைய பருத்தி வேட்டியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சித்தப்பா ஸ்டேஷன் படி இறங்குகிறார்.