பழைய இழைப்புளியில் ஒரு பெயர் இருந்தால்

அமெரிக்காவின் பழைய மர இழைப்புளி (மரத்தை இழைத்து வழவழப்பாக்கும் தச்சுக் கருவி) கையில் கிடைத்தால் முதலில் அதன் முன்முகப்பைப் பாருங்கள். செய்தவர் பெயரும் சில சமயம் ஊரும் அங்கே குத்தப்பட்டிருக்கும். வாங்கியவர்களும் தங்கள் பெயரைக் குத்துவது உண்டு. ஒரே முத்திரை பல இழைப்புளிகளில் வந்தால்தான் செய்தவர் என்று நம்பலாம்.

அப்புறம் செய்தவர் யார் என்று அறிய நேராக உயில்களுக்குப் போங்கள். 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். உயிலில் கருவிகள்கூட வரும். மாசசூசெட்ஸின் ரென்தம் ஊரில் இழைப்புளி செய்த பிரான்சிஸ் நிக்கல்சன் 1753இல் இறந்தார். அவரிடம் அடிமையாக இருந்த சீசர் செலோருக்கு அவருடைய உயில் விடுதலையும் நிலமும் கருவிகளும் கொடுத்தது. செலோர் பிறகு தம் பெயரையே முத்திரையாகக் குத்தி இழைப்புளிகள் செய்தார். எத்தனை முறை படித்தாலும் மனதை அசைக்கும் செய்தி இது.

தேடும்போது எல்லைகளைக் கவனியுங்கள். ரென்தம் இன்று நார்ஃபோக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) இருக்கிறது. ஆனால் அந்தக் கவுண்டி 1793இல்தான் உருவானது. அதற்கு முந்தைய உயில் என்றால் சஃபோக் கவுண்டிப் பதிவுகளில் தேட வேண்டும்.