பழைய காரைத் தானம் கொடுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் போட்டார். "அங்கிள், காருக்கு ஒன்பது வருஷம் தாண்டிருச்சு. விக்க அலையறதுக்கு நேரமில்ல. உங்க இல்லத்துக்கே குடுத்துடறேனே?"

நல்ல மனசுதான். ஆனாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. 2018ல் நான் பேசிய பேச்சே திரும்ப என் காதில் விழுந்த மாதிரி இருந்தது. சிங்கப்பூரில் நான் தொண்டூழியம் செய்யும் இல்லத்துக்கு வரும் வண்டி விவகாரங்களை இப்போது நான்தான் பார்க்கிறேன். டேஷ்போர்டு பிள்ளையாரை எடுக்க மறப்பது, சாலைக் கட்டணத்துக்கான கேஷ்கார்டை உருவாமல் விடுவது போன்றவற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காரையே கொடுப்பது

2009ல் பதிவான என் காரை, சிஓஇ (வண்டி வைத்திருக்கப் பத்தாண்டுக்கு வாங்கும் உரிமை) முடிய ஓராண்டு இருக்கும்போது ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தேன். மாலை போடாத குறை. மறுவாரமே ஒரு பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அவருக்கு முட்டி மடங்காது. முன் இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி, இரண்டு பேர் தூக்கி, நான் அந்தப் பக்கமிருந்து தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சக்கர நாற்காலியைக் காரின் பின்பெட்டியில் திணித்தால் கதவு மூடவில்லை. ராஃபியா கயிறு போட்டுக் கட்டினோம். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பாட்டி, "என்னை விடுங்கய்யா, வேனுக்குச் சொல்லுங்க" என்றார். முதியோர் இல்லத்துக்குத் தேவை சக்கர நாற்காலி ஏறும் வேன். என் கார் காப்புறுதி, சாலை வரி, சீசன் பார்க்கிங் என்று அவர்கள் காசைத் தின்றுகொண்டு நிழலில் நின்றது.

அதோடு போயிருந்தால் சரி. சிஓஇ முடியும் நேரத்தில் நிர்வாகக் குழுவில் ஒருவர் என்ன செய்யலாம் என்று கேட்டார். "எஞ்சின் தங்கம் மாதிரி இருக்கு, அஞ்சு வருஷம் புதுப்பிங்க, பாதி நான் தர்றேன்" என்றேன். அந்த ஐந்தாண்டுக்கே பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் போனது. அப்படிப் புதுப்பித்ததில், பத்து வயதுக்குள் பதிவை நீக்கினால் கிடைக்கிற பார்ஃப் தொகை (அரசாங்கம் திருப்பித் தரும் பணம்) மொத்தமும் காலி. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். கார் மேல் இருந்த பாசம் கண்ணை மறைத்துவிட்டது. இரண்டாம் வருடம் கியர்பாக்ஸ் போயிற்று. பதிவை நீக்கியபோது மிச்சமிருந்த சிஓஇ மாதங்களுக்கான பணமும் இரும்பு விலையும்தான் கைக்கு வந்தன.

கணக்கைப் பாருங்கள். கார் வாங்கும்போது நான் கட்டிய ஏஆர்எஃப், அதாவது கூடுதல் பதிவுக் கட்டணம், 18,000 வெள்ளி. ஒன்பது முடிந்து பத்துக்குள் பதிவை நீக்கியிருந்தால் அதில் பாதி, 9,000, பார்ஃப் தொகையாக என் பெயருக்கே வந்திருக்கும். அதை அப்படியே ஐபிசி தகுதி உள்ள (நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்கும்) அமைப்புக்குப் பணமாகக் கொடுத்திருந்தால் 250 விழுக்காடு வரிக்கழிவு, அதாவது என் வருமானத்தில் 22,500 வெள்ளிக்கு வரி இருந்திருக்காது. 11.5 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு அதில் 2,587 வெள்ளி மிச்சம். காராகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. ரொக்கம், பங்கு, கலைப்பொருள், நிலம், கட்டடம் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் வைத்திருக்கும் பட்டியலில் கார் இல்லை. இல்லத்துக்கும் நட்டம், எனக்கும் நட்டம். இன்றைக்கும் அந்த மாடல் கார் எதிரே வந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

"ஊர்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாமே"

மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இந்தியா உள்ளே விடாது. அடுத்தது.

பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுப்பது

வேன் போன்ற பயனுள்ள வண்டியை வண்டியாகவே கொடுக்கிறீர்கள் என்றால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பெயரை மாற்றிவிட்டுத்தான் சாவியை நீட்ட வேண்டும். அதுவரை ஈஆர்பி சாலைக் கட்டணப் பாக்கி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பார்க்கிங் அபராதம், வேகக் கேமரா என்று எல்லாக் கடிதமும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

முதலில் பட்டனைத் தட்டுவது

பதிவை நீக்கிய பிறகு வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது. பொது இடத்தில் நிறுத்தவும் கூடாது. ஒரு மாதத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் யார்டில் கொடுக்க வேண்டும், அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும். எங்கள் புளோக் நண்பர் இரவு பதினொரு மணிக்கு சோபாவில் உட்கார்ந்தபடி அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கில் நுழைந்து பதிவை நீக்கிவிட்டார். கார் அப்போது அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தின் நான்காம் தளத்தில் இருந்தது. காலையில் இழுவை லாரி வந்தது. உயரத் தடையைப் பார்த்ததும் லாரிக்காரர் தலையை ஆட்டினார். முதலில் யார்டில் நாள் பேசிக்கொள்ளுங்கள், பட்டனைப் பிறகு தட்டலாம்.

அடையாள அட்டை எண் சொல்லாமல் கொடுப்பது

பணமாகக் கொடுக்கும்போது அமைப்பிடம் உங்கள் எண்ணைச் சொல்லாவிட்டால் வரிக்கழிவும் இல்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தும் பயனில்லை.

கடன் பாக்கியைச் சொல்லாமல் இருப்பது

வங்கிக் கடன் தீராத வண்டியின் பெயரையும் மாற்ற முடியாது, பதிவையும் நீக்க முடியாது. போன் போட்ட தம்பியிடம் கடைசியாக இதைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மூணு மாசம் பாக்கி இருக்கு, அங்கிள்." சிஓஇ எப்போது முடிகிறது என்றேன். ஏழு வாரமாம். வங்கிக்கு இன்றே போன் போடச் சொல்லிவிட்டு வைத்தேன்.