வேலைக்கு முன் மெடிக்கல் டெஸ்டா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆஃபர் லெட்டர் வந்த கையோடு ஹெச்.ஆரிடமிருந்து இன்னொரு மெயில் வரும்: இந்த லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிடுங்கள். நம்மில் பலர் சீட்டைப் படிக்காமலே கையை நீட்டிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். ஹீமோகுளோபின், சர்க்கரை, எக்ஸ்ரே என்று போகிற வரிகளுக்கு நடுவே ஹெச்.ஐ.வி. என்று ஒரு டிக் இருக்கலாம். வேலை கொடுப்பதற்கு அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பரிலிருந்து அது அமலில் இருக்கிறது. “பேக்கேஜ்ல சேர்ந்தே வருது சார்” என்பார் லேப்காரர். வந்தால் என்ன, அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

அதற்காக எல்லா டெஸ்டுக்கும் முடியாது என்று நிற்பதும் தப்பு. வேலைக்கும் சோதனைக்கும் தொடர்பு இருந்தால் முதலாளி கேட்கலாம். சில தொழில்களில் கேட்டே ஆக வேண்டும். ஓட்டல் சமையலறையில் நிற்பவருக்கு வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்று கட்டாயம். அபாயகரமான ரசாயனம் புழங்கும் ஆலைகளில் வேலைக்கு அனுப்பும் முன்பும், பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்ற விதி, போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் வந்தது. இது தொழிலாளியைக் காப்பாற்ற வந்த சோதனை. ரிப்போர்ட்டில் ஒரு நகல் வாங்கி வீட்டில் வையுங்கள். பத்து வருடம் கழித்து நுரையீரல் கெட்டால், உள்ளே நுழைந்தபோது நன்றாகத்தான் இருந்தேன் என்று காட்ட அந்தக் காகிதம் வேண்டும்.

பெண்களிடம் கேட்கும் கேள்விகள் தனி ரகம். எல்.ஐ.சி. தன் படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதி வரை கேட்டது. சரியாகச் சொல்லவில்லை என்று தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண்ணை நீக்கவும் செய்தது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லி, அந்தக் கேள்விகளையும் எடுக்கச் சொன்னது. ஆனாலும் 2021 டிசம்பர் கடைசியில் ஸ்டேட் வங்கி, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருப்பவர் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’ என்று ஒரு சுற்றறிக்கை விட்டது! எதிர்ப்பு கிளம்பியதும் 2022 ஜனவரியில் வாபஸ்.

அப்புறம், ‘அன்ஃபிட்’ என்று சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எந்த வேலைக்கு, எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் கேளுங்கள். ஹெச்.ஐ.வி. இருந்த ஒரு தினக்கூலித் தொழிலாளியின் வழக்கில் 1997-லேயே பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது: வேலையைச் செய்ய உடம்பு இடம் கொடுத்து, மற்றவர்களுக்கும் ஆபத்து இல்லையென்றால், தொற்றைக் காட்டி வேலையை மறுக்க முடியாது.