அமெரிக்க அரசமைப்பு: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அமெரிக்க அரசியலைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் அதிபரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள், அதனால்தான் பாதியில் குழம்பிப் போகிறார்கள். நேராக அரசமைப்புச் சட்டத்தையே எடுங்கள். ஏழே பிரிவுகள், பின்னால் 27 திருத்தங்கள். நிதானமாகப் படித்தாலும் ஒரு மாலைப்பொழுது போதும்.

படி 1: ஏன் எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன் 13 மாநிலங்களையும் சேர்த்து வைத்திருந்த ஒப்பந்தப்படி மைய அரசால் வரி போடக்கூட முடியாது, பிரிட்டிஷ் மன்னருக்கு எதிரான விடுதலைப் போரின் கடனை அடைக்கப் பணம் வேண்டுமென்றால் மாநிலங்களிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதைச் சரிசெய்யத்தான் 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். மைய அரசு வலுவாக இருக்க வேண்டும், ஆனால் இன்னொரு மன்னர் வந்துவிடக் கூடாது. இந்த இரண்டு கவலைகளையும் மனதில் வைத்துப் படித்தால் பாதி புரிந்துவிடும்.

படி 2: முதல் மூன்று பிரிவுகள். முதல் பிரிவு காங்கிரஸ், அதாவது இரண்டு அவைகள் கொண்ட நாடாளுமன்றம், அந்தப் பிரிவுதான் மிக நீளமானது, அதிபருக்கு இரண்டாமிடம்தான். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், மக்கள்தொகைப்படி. செனட்டில் 100 பேர், மாநிலத்துக்கு இருவர், கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு, மக்கள்தொகை மிகக் குறைந்த வயோமிங்குக்கும் இரண்டு. காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் மறுக்கலாம், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அந்த மறுப்பைத் தள்ளிவிடலாம். மூன்றாவது பிரிவு நீதிமன்றம். சட்டங்களைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் அங்கே வெளிப்படையாக எழுதப்படவில்லை, 1803-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே அதை நிலைநாட்டிக்கொண்டது!

படி 3: பத்தாவது திருத்தம். என்னைக் கேட்டால் முழு ஆவணத்துக்கும் சாவி இதுதான். மைய அரசுக்குக் கொடுக்கப்படாத, மாநிலங்களுக்குத் தடை செய்யப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது. அதனால்தான் பாஸ்போர்ட் கொடுப்பது மைய அரசு, ஓட்டுநர் உரிமம் கொடுப்பது மாநிலம். ஓரிகனில் மாநில விற்பனை வரியே இல்லை, பக்கத்து கலிஃபோர்னியாவில் உண்டு.

படி 4: உள்ளூர். கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), நகரம், பள்ளி மாவட்டம் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எதைப் பற்றியும் அரசமைப்பில் ஒரு சொல் கிடையாது, இவையெல்லாம் மாநிலச் சட்டத்தால் வந்தவை. அதனால் ஊருக்கு ஊர் மாறும். லூயிசியானாவில் கவுண்டிக்குப் பெயரே பாரிஷ். ஆனால் மக்களின் அன்றாடத்தைத் தொடுவது இந்த அடுக்குதான், பல இடங்களில் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபையும் பள்ளி வாரியத்தையும்கூட வாக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

படி 5: சரி, இப்போது ஒரு விஷயத்தை எடுத்து மைய அரசு, மாநிலம், உள்ளூர் என்ற மூன்று அடுக்கிலும் வைத்துப் பாருங்கள். கஞ்சாவையே எடுத்துக்கொள்வோம். 2012-ல் கொலராடோ வாக்காளர்கள் பெரியவர்களுக்கு அதை அனுமதித்தார்கள். மைய அரசின் சட்டப்படி அது குற்றம், ஆறாவது பிரிவின்படி மோதல் வந்தால் மைய அரசின் சட்டமே மேலானது. அப்புறம் எப்படிக் கடைகள் நடக்கின்றன? மைய அரசு தன் சட்டத்தைத் தன் அதிகாரிகளைக் கொண்டு அமல்படுத்தலாம், மாநிலப் போலீசை அந்த வேலையைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்கும் கீழே, தன் எல்லைக்குள் கடை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கொலராடோவின் ஒவ்வொரு நகரமும் கவுண்டியும் தானே முடிவு செய்யலாம்.